மாட்டுக் கொட்டிலுக்கும் சட்டம் வேண்டும்



பழைய கோட்டைகளைக் காப்பாற்ற வேண்டுமா என்று கேட்டால், நீங்கள் எல்லோரும் "ஓம்" என்று சொல்வீர்கள். பழைய மாட்டுக் கொட்டிலைக் காப்பாற்ற வேண்டுமா? என் மகளிடம் கேட்டேன். "மாட்டுக் கொட்டிலையோ? எதுக்கு அம்மா?" என்று சிரித்தாள். அவளுக்குச் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்கிறேன்.

இங்கிலாந்தின் தென்மேற்கில் டெவன் என்ற இடத்தில் டார்ட்மோர் என்னும் மேட்டுநிலம் இருக்கிறது. அங்கே காற்றும் மழையும் அதிகம். நிலமெங்கும் கருங்கல் கிடக்கும். அந்தக் கல்லை எடுத்து, அங்குள்ள உழவர்கள் நீளமான வீடுகளைக் கட்டினார்கள். அவற்றுக்கு 'லாங்ஹவுஸ்' என்று பெயர். அவற்றில் ஒன்று ஹையர் அப்பகாட். 14ஆம் நூற்றாண்டில் தொடங்கிய வீடு அது.

சரி, இப்ப அப்படியான ஒரு வீட்டுக்குள்ளே போய்ப் பார்ப்போம். சுவர்கள் மிகவும் தடிப்பு. கூரை வைக்கோலால் வேய்ந்தது. வாசலால் நுழைந்தால் ஒரு குறுக்கு நடை வரும். ஒரு பக்கம் திரும்பினால் மனிதர் வாழ்ந்த இடம். மறுபக்கம் திரும்பினால் மாடுகள் நின்ற கொட்டில்.

"மாடும் ஆக்களும் ஒரே வாசலாலயோ போனவை? மணக்காதோ?" என்று என் மகள் கேட்டாள். நல்ல கேள்வி! வீடு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கோ, விடை கிடைக்கும். வீடு சரிவான நிலத்தில், மேலிருந்து கீழாக நீண்டு கிடக்கிறது. மனிதர் மேல்பக்கம், மாடுகள் கீழ்ப்பக்கம். கொட்டிலின் நடுவில் ஒரு வாய்க்கால் ஓடும். அழுக்குத் தண்ணீர் அதன் வழியே கீழே போய், கடைசிச் சுவரில் உள்ள துளையால் வெளியே போய்விடும். மனிதர் இருக்கும் பக்கம் வராது. குளிர்கால இரவில் மாட்டைப் பார்க்க மழையில் நனைந்து போகவும் தேவையில்லை. மாடுகளின் உடல் சூடும் வீட்டுக்குக் கொஞ்சம் உதவியது. படித்துப் பட்டம் பெற்ற கட்டடக் கலைஞர் யாரும் இதை வரையவில்லை. ஊர் மக்களின் மூளையில் பிறந்த திட்டம் இது.

பழைய காலத்தில் இவ்வகை வீடுகளுக்குப் புகைபோக்கி இல்லை. தரையின் நடுவில் நெருப்பு எரியும். புகை கூரை வழியாகவே வெளியேறும். அந்தப் புகை படிந்து கறுத்த மரங்களைச் சில வீடுகளின் கூரைக்குள் இன்றும் பார்க்கலாம். யோசிச்சுப் பாருங்கோ, எப்போதோ சமைத்த சாப்பாட்டின் புகை இன்னும் அங்கே இருக்கிறது! புகைபோக்கியும் மேல்மாடியும் பிறகு வந்தவை.

காலம் போகப் போக, பலர் கொட்டிலை அறையாகவோ குசினியாகவோ மாற்றிவிட்டார்கள். மாறாத கொட்டில் உள்ள வீடுகள் மிகச் சில. ஹையர் அப்பகாட் அவற்றில் ஒன்று. அதனால்தான் அதைச் சட்டம் காக்கிறது.

இங்கிலாந்தில் முக்கியமான கட்டடங்களுக்கு ஒரு பட்டியல் உண்டு. அதில் மூன்று தரங்கள். பக்கிங்ஹாம் அரண்மனை முதல் தரத்தில் இருக்கிறது. ஹையர் அப்பகாட்டும் அதே முதல் தரத்தில்தான் இருக்கிறது! அரசி வாழ்ந்த வீடும் மாடு வாழ்ந்த வீடும் சட்டத்தின் முன் ஒரே வரிசை. எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. பட்டியலில் உள்ள கட்டடத்தின் தன்மையை மாற்றும் வேலை எதையும் அனுமதி இல்லாமல் செய்தால் அது குற்றம். வெளியே மட்டுமல்ல, உள்ளே செய்தாலும் குற்றம்தான்.

ஆனால் இந்தச் சட்டம் எல்லோருக்கும் பிடிக்காது. என்னோடு வேலை செய்பவர் ஒருவர் அப்படியொரு பழைய கல் வீட்டில் இருக்கிறார். பழைய யன்னல்களைக் கழற்றிவிட்டுப் புதியவை போடக் கேட்டார். அனுமதி கிடைக்கவில்லை. "வீடு எனக்கு, முடிவு வேறு ஆக்களுக்கோ?" என்று கோபப்பட்டார். அவர் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. வீட்டைக் காப்பாற்றுவதற்காக அதில் வாழ்பவர் குளிரில் விறைக்கக் கூடாது. ஆனால் சட்டம் எல்லா மாற்றத்தையும் தடுப்பதில்லை. அவர் பிறகு பழைய யன்னலை அப்படியே விட்டு, உள்பக்கம் இன்னொரு கண்ணாடி பொருத்தினார். அதற்கு அனுமதி கிடைத்தது. வீடும் பிழைத்தது, அவரும் பிழைத்தார்!

நான் கணினி நிரல் எழுதுபவள். தவறுதலாக எதையாவது அழித்துவிட்டால், பழைய பிரதியைத் திரும்ப எடுக்கலாம். வீட்டுக்கு அப்படிப் பிரதி இல்லை. கொட்டிலின் வாய்க்காலைச் சீமெந்து போட்டு மூடி, மரத்தின் கரியைச் சுரண்டி எடுத்துவிட்டால், அவ்வளவுதான். திரும்ப வராது.

அரசர்களைப் பற்றிப் புத்தகங்கள் நிறைய இருக்கின்றன. மாடு வளர்த்தவர்களைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. அவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று சொல்ல, அவர்களுடைய வீடுதான் மிச்சம். ஆகவே கோட்டையைவிடக் கொட்டிலுக்குத்தான் சட்டம் கூடுதலாக வேண்டும் என்பது என் கருத்து.

என் மகள் கடைசியில் "ஓம், கொட்டிலும் இருக்கட்டும். ஆனா நான் அங்க படுக்க மாட்டன்" என்றாள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? உங்கள் ஊரில் எந்தப் பழைய கட்டடத்தைக் காப்பாற்ற வேண்டும்? அரண்மனையாக இருக்கத் தேவையில்லை. ஒரு சின்னக் கடையாகவும் இருக்கலாம். ஏன் காப்பாற்ற வேண்டும் என்று மட்டும் சரியாகச் சொல்லுங்கோ.