பூனைக்குக் கதவு வைக்கலாம்... ஆனா எங்க வைக்கணும்?

நேற்று ராத்திரி கீரிப்பாறையில் இருந்து தெரிந்த அக்கா ஒருவர் வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பியிருந்தார். வீட்டுப் பொறவாசல் கதவு. அதன் அடியில் சாக்பீஸால் ஒரு சதுரம் வரைந்திருந்தது. கூடவே ஒரு குரல் பதிவு.

"தம்பி, பூனைக்கு வரப்போக கதவுல ஒரு ஓட்ட போடலாம்னு இருக்கேன். நாளைக்கு ஆசாரி வாறாரு. கொழப்பம் ஒண்ணும் இல்லல்லா?"

கேள்வி சின்னதுதான். ஆனா அந்த வீட்டில் யார் யார் இருக்காங்கன்னு எனக்குத் தெரியும். விடியும் முன்னே ரப்பர் பால்வெட்டுக்குக் கிளம்பும் அண்ணன். பேறுகாலத்துக்கு வந்திருக்கும் மகள், இப்போ 7 மாதம். பூனையைக் கட்டிப்பிடித்து தரையில் பாய் விரித்துத் தூங்கும் 8 வயசு பேரன்.

அதனால "வையுங்க" என்று ஒரு வார்த்தையில் முடிக்க மனசு வரவில்லை. அக்காவுக்குச் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்கிறேன். வீட்டில் பூனை வளர்க்கிறவர்கள் எல்லோருக்கும் இது பொருந்தும். குறிப்பாக காட்டையும் தோட்டத்தையும் ஒட்டிய ஊர்க்காரர்களுக்கு.

👉 முதலில் என் கருத்து

பூனைக்குக் கதவு வைப்பது தப்பே இல்லை. ஆனா அதை வெளிக்கதவில் வைக்காதீங்க. வீட்டுக்குள்ள இருந்து கம்பி வலை அடித்த திண்ணைக்கோ வராந்தாவுக்கோ போற மாதிரி வையுங்க.

ஏன் என்று பார்ப்போம்.

👉 முன்னாடி எல்லாம் பூனைக்குக் கதவா வெச்சோம்?

நியாயமான கேள்வி. பழைய ஓட்டு வீடுகளில் பூனை யாரிடமும் அனுமதி கேட்டதில்லை. ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி, அடுக்களை ஜன்னல் கம்பி... எல்லாமே அதுக்கு வாசல்தான்.

இப்போ கான்கிரீட் வீடு. ஜன்னலுக்குக் கொசுவலை. காற்றுப்போக்கிக்கும் வலை. கொசு வரக்கூடாதுன்னு நாம அடைச்சதில் பூனையோட வழியும் அடைபட்டுப் போச்சு. ராத்திரி 2 மணிக்குக் கதவைப் பிராண்டுது, நாம எழுந்து திறக்கிறோம். பூனைக்கதவு யோசனை அங்கிருந்துதான் வருது.

யோசனை புதுசும் இல்லை. இங்கிலாந்தில் எக்ஸிடர் நகரத் தேவாலயத்தில் பழைய வானியல் கடிகாரம் ஒன்று இருக்கு. அதுக்குக் கீழே உள்ள கதவில் பூனை போய்வர வட்டமாக வெட்டிய ஓட்டையை இன்னிக்கும் பார்க்கலாம். எலி பிடிக்கத்தான் அந்த ஏற்பாடு.

ஆனா அந்த ஓட்டைக்கு வெளியே மேற்குத் தொடர்ச்சி மலை இல்லை 😊

👉 ஓட்டை பூனைக்கு மட்டும்தான்னு யார் சொன்னது?

15 சென்டிமீட்டர் சதுரத்தில் பூனை நுழையும்னா எலியும் நுழையும், பாம்பும் நுழையும், கீரியும் நுழையும். ஊர்ப் பேரிலேயே கீரி இருக்கு!

இதில் நான் ரொம்ப பயப்படுவது கட்டுவிரியனுக்கு. ராத்திரியில் நடமாடும் பாம்பு. தரையில் தூங்குகிறவர்களைக் கடிக்கும். பல நேரம் வலியே இருக்காது, பல் பட்ட தடமும் சரியாகத் தெரியாது. விடியக்காலையில் வயிற்று வலி, வாந்தி, கண் இமை தானாகக் கீழே இறங்குதல், பேச்சுக் குழறல்... "கேஸ் டிரபிள்" என்று வீட்டில் உட்கார்ந்துவிட்டால் அடுத்து மூச்சு விடும் தசைகளும் செயலிழக்கும். இந்த அறிகுறிகள் தெரிந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் பெரிய மருத்துவமனைக்குப் போகணும்.

அந்த வீட்டில் பேரன் தரையில் படுக்கிறான். அதை மறந்துடாதீங்க.

நேர்மையாக இன்னொன்றும் சொல்லணும். பல வீடுகளில் பொறவாசல் கதவுக்குக் கீழேயே இரண்டு விரல் இடைவெளி இருக்கு. அதை விட்டுட்டு பூனைக்கதவை மட்டும் குறை சொல்வது நியாயம் இல்லை. அந்த இடைவெளிக்கு இன்னிக்கே ஒரு ரப்பர் பட்டை அடியுங்க. ரப்பருக்கு உங்க ஊர்ல பஞ்சமா?

👉 "எலி பிடிக்க பூனை வெளிய போகணும்லா?"

நம்ம பக்கம் எலிக்காய்ச்சல் எல்லோருக்கும் தெரிந்த நோய். அதனால் இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன்.

2018இல் வெளிவந்த ஒரு ஆய்வு. நியூயார்க்கில் ஒரு குப்பை மறுசுழற்சிக் கூடத்தில் எலிகளையும், அங்கே திரியும் பூனைகளையும் கேமரா வைத்துக் கவனித்தார்கள். 79 நாளில் பூனைகள் கொன்ற எலி எத்தனை தெரியுமா? 2. பூனையைக் கண்டால் எலி ஒளிந்துகொள்கிறது, அவ்வளவுதான். பெரிய எலியோடு மோத பூனைக்கும் அவ்வளவாக விருப்பம் இல்லை. ஓணான், பல்லி, குருவிக்குஞ்சு பிடிப்பது அதைவிட லேசு.

எலியைக் குறைப்பது சுத்தம்தான். ராத்திரி பூனைக்கு வைத்த மீன் சோறு மிச்சம் இருந்தால் எடுத்து மூடுங்க. அந்த மிச்சத்துக்கு எலி வரும். எலியைத் தேடி பாம்பு வரும்.

👉 வெளியே போன பூனை எதைக் கொண்டுவருது?

பாதி உயிரோடு இருக்கிற பாம்புக்குட்டியைக் கவ்விக்கொண்டு வந்து நடு ஹாலில் போட்ட பூனைகளைப் பற்றி நீங்களே கதை சொல்வீங்க. அதைவிடப் பெரிய விஷயம் ரேபிஸ்.

ரேபிஸ் என்றால் நாய் மட்டும்தான் நினைவுக்கு வருது. தெருநாயோடும் வேறு விலங்குகளோடும் சண்டை போட்டுவிட்டு வரும் பூனைக்கும் ரேபிஸ் வரலாம். அந்தப் பூனை கடித்தாலும் கீறினாலும் நமக்கும் வரலாம். அறிகுறி வந்துவிட்டால் காப்பாற்றுவது கிட்டத்தட்ட முடியாது. ஆனா சரியான நேரத்தில் தடுப்பூசி போட்டால் இதை முழுசாகத் தடுக்க முடியும்.

ஒரு முறை காய்ச்சலுக்காக ஒரு சிறுவனை அழைத்து வந்தாங்க. பரிசோதிக்கும்போது முழங்கைக்கு மேல நீளமா ரெண்டு கீறல். "இது என்னடா?" என்றேன். அம்மாவைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். அம்மாவை வெளியே இருக்கச் சொன்ன பிறகுதான் வாய் திறந்தான்.

"சொன்னா பூனைய கொண்டுபோய் விட்டுருவாங்க."

பூனை மேல இருந்த பாசத்தில் 4 நாளாக முழுக்கைச் சட்டை போட்டு மறைத்திருக்கிறான். அன்றைக்கே ஊசி ஆரம்பித்தோம், பையன் நல்லா இருக்கான். ஆனா அந்த 4 நாளை நினைத்தால் எனக்கு இன்னும் வயிற்றைக் கலக்கும்.

அதனால் உங்க வீட்டுப் பிள்ளைகளிடம் இன்னிக்கே சொல்லுங்க: "பூனை கீறினா எங்ககிட்ட சொல்லு. உன்னையும் திட்ட மாட்டோம், பூனையையும் விரட்ட மாட்டோம்." எந்தப் பூனைக்கதவைவிடவும் இந்த ஒரு வாக்குறுதி முக்கியம்.

👉 கீறினால், கடித்தால் என்ன செய்யணும்?

✅ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவணும். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்க. 15 நிமிடம் நாம நினைப்பதைவிட நீளம்.

❌ மஞ்சள், மிளகாய்ப்பொடி, காப்பிப்பொடி, சுண்ணாம்பு எதுவும் வேண்டாம்.

✅ அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போங்க. ஊசி இலவசம். தோலில் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் வரச் சொல்வாங்க. ஒரு தேதியையும் விடாதீங்க.

✅ ரத்தம் வரும் அளவு கடியோ கீறலோ இருந்தால், அல்லது புண்ணில் பூனையின் எச்சில் பட்டிருந்தால், காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் ஊசியும் தேவைப்படும். "வெறும் கீறல்தான" என்று நீங்களே முடிவு பண்ணாதீங்க.

"வீட்டுப் பூனைதான, 10 நாள் பார்ப்போம்" என்று சிலர் காத்திருப்பாங்க. 10 நாள் கவனிப்பது சரிதான். ஆனா ஊசியை ஆரம்பித்துவிட்டுத்தான் கவனிக்கணும். காத்திருந்து பார்த்துவிட்டு ஆரம்பிப்பது இல்லை.

👉 கர்ப்பிணி இருக்கும் வீட்டில் பூனை?

அக்கா வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள் எல்லாம் "பிள்ளத்தாச்சி இருக்க வீட்ல பூனை ஆகாது" என்று சொல்றாங்களாம். பூனை முடி வயிற்றுக்குள் போகும் என்ற பயம். முடி கர்ப்பப்பைக்குப் போக வழியே இல்லை.

உண்மையான விஷயம் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி. வெளியே எலி, பறவை பிடித்துத் தின்னும் பூனைக்கு அது தொற்றி, சில வாரம் மலத்தில் வெளியேறும். கர்ப்பிணிக்கு முதல் முறையாகத் தொற்றினால் குழந்தையைப் பாதிக்கலாம்.

ஆனா பூனை மலத்தில் வந்த உடனே அது தொற்றாது. அந்த நிலைக்கு வர 1 முதல் 5 நாள் வரை ஆகும். அதனால் மணல் தட்டை தினமும் சுத்தம் செய்தால் ஆபத்து ரொம்பக் குறையும். அதை மகள் செய்ய வேண்டாம், வேறு யாராவது செய்யட்டும். மண்ணைத் தொட்டால் கை கழுவணும். இறைச்சியை நன்றாக வேகவைக்கணும், காய்கறி பழங்களைக் கழுவணும்.

வெளியே வேட்டைக்குப் போகாமல், சமைத்த உணவு தின்று வீட்டோடு இருக்கும் பூனைக்கு இந்தத் தொற்று வரும் வாய்ப்பே குறைவு. பூனையை விரட்ட வேண்டாம், அதன் வேட்டையை நிறுத்தினால் போதும்.

👉 பூனையோட சுதந்திரம்?

"அடைச்சு வெக்கிறது பாவம் இல்லையா டாக்டர்?" என்று கமெண்ட் வரும், தெரியும்.

கீரிப்பாறை மலையடிவாரம். 2016இல் யுனெஸ்கோ தன் உயிர்க்கோளப் பட்டியலில் சேர்த்த அகத்தியமலைக் காடுகள் பக்கத்திலேயே இருக்கு. ராத்திரி வெளியே போகும் பூனைக்கு நாயும் பாம்பும் சிறுத்தையும் எதிரி. அங்கே இருக்கும் பறவைக்கும் ஓணானுக்கும் நம்ம பூனை எதிரி. வீட்டுப் பூனையின் சில வைரஸ் நோய்கள் காட்டுப் பூனைகளுக்கும் தொற்றும். அது சோறு கிடைக்காமல் வேட்டையாடவில்லை. வயிறு நிறைந்தாலும் வேட்டையாடும், அதன் இயல்பு அப்படி.

வெயில் வேணும், காற்று வேணும், ஏறி உட்கார உயரமான இடம் வேணும், வேடிக்கை பார்க்க வெளி வேணும். இத்தனையும் வலை அடித்த திண்ணையில் கிடைக்கும்.

👉 சரி, எப்படி வைக்கணும்?

1. பொறவாசல் திண்ணைக்கு அரை இஞ்ச் கம்பி வலை அடிங்க. தரையோடு இடைவெளி இல்லாமல், மேலேயும் மூடி.

2. பூனைக்கதவின் கீழ் விளிம்பு பூனையின் வயிற்று உயரத்தில் இருக்கட்டும். தாழ்ப்பாளுக்குப் பக்கத்தில் வெட்டாதீங்க. பூனை நுழையும் ஓட்டையில் திருடன் கை நுழையும்.

3. முதல் சில நாள் மடிப்புக் கதவைத் தூக்கிக் கட்டி வையுங்க. அந்தப் பக்கம் சாப்பாடு வைத்தால் தானே பழகும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்க.

4. வலைக்கு இப்போ வசதி இல்லை, வெளிக்கதவுதான் வழி என்றால், உள்பக்கம் நகர்த்தி மூடும் பலகை கட்டாயம். விளக்கு வைக்கும் நேரத்தில் பூனைக்கு உள்ளே சாப்பாடு, உடனே பலகையை மூடணும். தினமும் அதே நேரம் செய்தால் பூனையே வந்து நிற்கும்.

5. கதவுக்கு முன்னாடி கால்நடை மருத்துவர். குட்டிக்கு 3 மாதம் ஆனதும் ரேபிஸ் தடுப்பூசி, அவர் சொல்லும் இடைவெளியில் மறுபடியும். கருத்தடையும் செய்துடுங்க. ஊர் சுற்றுவதும் சண்டையும் பெரும்பாலும் குறைந்துவிடும்.

எல்லாத்தையும் அக்காவுக்குக் குரல் பதிவாக அனுப்பினேன். காலையில் பதில் வந்தது.

"ஆசாரிய திருப்பி அனுப்பியாச்சு தம்பி. வலைக்கு அளவு எடுக்கச் சொல்லியிருக்கேன். மொதல்ல பூனைக்கு ஊசி."

அப்புறம் இன்னொரு பதிவு. பேரன் குரல்.

"மாமா, போன வாரம் என்ன ஒரு தடவ கீறிச்சு. ஆச்சி திட்ட மாட்டேன்னு சொன்னாங்க, அதான் சொல்லுதேன்."

இன்றைக்கே முதல் ஊசி போட்டாச்சு.

உங்க வீட்டுக் குட்டிகளிடமும் ஒருமுறை கேட்டுப் பாருங்களேன்.