பிள்ளை வளரலைன்னா டானிக்கா?



கோலா கங்சாரில் 1877இல் நட்ட ரப்பர் மரம் இன்னும் நிற்கிறது. கன்று வளரலைன்னா வேரைப் பார்க்கிற நாம், பிள்ளை வளரலைன்னா மட்டும் "வம்சமே குட்டை" என்கிறோம், இல்லாட்டி டானிக் வாங்குகிறோம். இது தப்பு.

மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் ஒரு சுரப்பி. வளர்ச்சி ஹார்மோன் அங்கிருந்துதான் வருகிறது. குறைந்தால் பிள்ளை வளராது. சிறு குழந்தைக்கு ரத்தத்தில் சீனி இறங்கவும் கூடும். பெரியவர்களுக்கு மிஞ்சினால் மோதிரம் இறுகும், சப்பாத்து பத்தாது, தாடை நீளும். இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் இனிப்பு நீரும் வரலாம். குஸ்தி வீரர் காலிக்கு 2012இல் இந்தச் சுரப்பிக் கட்டியைத்தான் அறுத்து எடுத்தார்கள்.

குறைபாட்டுக்கு ஊசி உண்டு. அது சீனியை ஏற்றலாம், தைராய்டைக் குறைக்கலாம். அதனால் "ஊசி போட்டாச்சு" என்று இருந்துவிடாதீங்க. ரத்தப் பரிசோதனையும் முக்கியம்.

குட்டையான எல்லாப் பிள்ளைக்கும் இந்த நோய் இல்லை. சுவரில் கோடு போட்டுப் பாருங்க. நாலு வயசுக்கு மேல் வருஷத்துக்கு 4 செண்டிமீட்டர்கூட ஏறலைன்னா அரசாங்கக் கிளினிக் மிஸ்ஸியிடம் காட்டுங்க. எலும்பு முனை மூடிவிட்டால் எந்த ஊசியும் உயரம் தராது.

ஒரு நாள் சம்பளத்தை மறுபடி சம்பாதிக்கலாம்; வளரும் வயசைச் சம்பாதிக்க முடியாது.