உங்கட லப்டொப் உங்களுடையது மட்டும் இல்லை



பல்கலைக்கழகம் திறக்கிற காலத்தில் எங்களில் கனபேர் புது லப்டொப் வாங்குவோம். சிலருக்கு ஸ்தாசியோனே சென்ட்ராலேயைச் சுற்றியிருக்கிற கடைகளில் வாங்கின பாவிச்ச ஒன்று. சிலருக்கு அம்மா அப்பா வீட்டுவேலை செய்து சேர்த்த காசில் புத்தம் புதுசு. பெட்டியைப் பிரித்ததும் எல்லாரும் செய்வது ஒன்றுதான்: திரையில் வருகிற கேள்விக்கெல்லாம் "அவந்தி, அவந்தி" என்று அமத்திக்கொண்டு போய், நெட்ஃபிளிக்ஸ் திறக்குதா என்று பார்ப்பது.

அந்த முதல் ஒரு மணித்தியாலத்தில் எடுக்கிற முடிவுகளை நாங்கள் ஒரு கூட்டு வேலையாகப் பார்க்க வேண்டும் என்பதுதான் என்ர கருத்து. துண்டுப்பிரசுரம் அடிப்பது மாதிரி, ஊர்வலத்துக்கு ஆள் சேர்ப்பது மாதிரி இதுவும் ஒரு வேலை. ஏனென்றால் அந்தப் பெட்டிக்குள் நீங்கள் மட்டும் இருக்கப் போவதில்லை.

உள்ளுக்குள் ஆர் ஆர் இருக்கினம்?

2021 ஒக்டோபர் 1 இலிருந்து இத்தாலியில் அரச இணையத்தளங்களுக்குள் போக ஸ்பிட் வேண்டும். இல்லாவிட்டால் சிப் உள்ள அடையாள அட்டையோ சேவை அட்டையோ வேண்டும். அந்த நாளிலிருந்து பலெர்மோத் தமிழ்க் குடும்பங்களில் பத்ரோனாத்தோவின் பாதி வேலை பிள்ளைகளின் தலையில் விழுந்தது. அம்மாவின் வேலை ஒப்பந்தம், அப்பாவின் பெர்மெஸ்ஸோ, எல்லாருடைய கொடிச்சே ஃபிஸ்காலே, இசே, வாடகை ஒப்பந்தம், தம்பியின் குடியுரிமை விண்ணப்பம். எல்லாம் எங்கே கிடக்கிறது? உங்கட லப்டொப்பில் "டவுன்லோட்" என்ற கோப்புறையில், பெயர் கூட மாற்றாமல். மேல் வீட்டு மாமி "தம்பி, ஒருக்கா பார்த்துச் சொல்லும்" என்று அனுப்பின கடவுச்சீட்டுப் படமும் அதுக்குள்தான்.

அதோடு எங்கட அரசியல் வேலை. 2025 ஜூன் 8, 9 இல் நடந்த குடியுரிமை வாக்கெடுப்புக்கு எத்தனை வீடு ஏறி இறங்கினோம்? பத்து வருட வசிப்பை ஐந்தாகக் குறைக்கிற கேள்வி அது. வாக்களித்தவர் அளவு 30 சதவீதமளவில் நின்றதால் செல்லாமல் போனது. அந்த வேலைக்காகச் சேர்த்த பெயர், தொலைபேசி எண், ஆருக்குக் குடியுரிமை இருக்கு, ஆருக்கு இல்லை என்ற பட்டியல்கள் இன்னும் ஆரோ ஒருவரின் எக்செல் கோப்பில் இருக்கும்.

ஊர் விஷயம் இன்னும் பாரமானது. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 இலிருந்து வீதியில் இருக்கிற தாய்மாரின் படங்களை, வாக்குமூலங்களை எங்களில் சிலர் மொழிபெயர்க்கிறார்கள். காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்கள் கண்காணிக்கப்படுவதையும் மிரட்டப்படுவதையும் ஐநா மனித உரிமை அலுவலகத்தின் அறிக்கைகள் திரும்பத் திரும்பப் பதிவு செய்திருக்கின்றன. போனில் இடக்குறிப்பு போட்டிருந்தால், எடுத்த படத்துக்குள் அந்த வீடு எங்கே என்பதும் எழுதியிருக்கும். படத்தை அனுப்பின அம்மாவுக்கு அது தெரியாது. வாங்கி வைத்திருக்கிற எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 2018 மே 25 இலிருந்து நடைமுறையில் இருக்கிற ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 9 ஆவது பிரிவு, ஒருவரின் இனம், அரசியல் கருத்து, மதம், தொழிற்சங்க உறுப்புரிமை ஆகியவற்றைத் தனிப் பாதுகாப்பு வேண்டிய தகவல் என்கிறது. எங்கட ஒரு உறுப்பினர் பட்டியலில் அந்த நாலும் இருக்கும்.

"என்னை ஆர் பார்க்கப் போறான்?"

இதுதான் நான் அடிக்கடி கேட்கிற பதில். "நான் என்ன பெரிய ஆளா? ஒளிக்கிறதுக்கு என்னட்ட என்ன இருக்கு?"

டில்லியில் கைதிகளின் உரிமைக்காக வேலை செய்த ரோனா வில்சனுக்கு 2016 ஜூன் 13 இல் ஒரு மின்னஞ்சல் வந்தது. அனுப்பினவர் அவருக்கு நன்கு தெரிந்த கவிஞர் வரவர ராவ். குறைந்தது, வந்தது அவருடைய கணக்கிலிருந்து. இணைத்திருந்த ஆவணத்தைத் திறக்கச் சொல்லியிருந்தது. திறந்தார். நெட்வயர் என்ற உளவு மென்பொருள் உள்ளே போனது. யாரும் காசு கொடுத்து வாங்கக்கூடியதாக அப்போது விற்பனையில் இருந்த சாமான் அது. 22 மாதம் கழித்து, 2018 ஏப்ரல் 17 இல் பொலிஸ் அந்த லப்டொப்பை எடுத்துக்கொண்டு போனது. பீமா கோரேகான் வழக்கின் முக்கிய "சான்று" அதிலிருந்துதான் வந்தது. அந்தக் கடிதங்கள் வெளியிலிருந்து உள்ளே வைக்கப்பட்டவை என்று, எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள் கேட்டதன் பேரில் ஆய்வு செய்த அமெரிக்காவின் ஆர்சனல் கன்சல்டிங் 2021 பெப்ரவரியில் சொன்னது. இந்தியாவின் தேசியப் புலனாய்வு முகமை அந்த முடிவை ஏற்கவில்லை.

அதே வழக்கில் கைதானவர் ஸ்டான் சுவாமி. திருச்சி மாவட்டத்தில் பிறந்து, ஜார்கண்ட் ஆதிவாசிகளோடு வாழ்ந்த இயேசு சபைப் பாதிரியார். 2020 ஒக்டோபர் 8 இல் கைது செய்யப்பட்டபோது வயது 83. பார்கின்சன் நோயால் குவளையைப் பிடிக்க முடியாமல், உறிஞ்சிக் குடிக்கிற குழாய்க்காக நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. 2021 ஜூலை 5 இல், பிணை கிடைக்காமலே, மும்பை மருத்துவமனையில் இறந்தார். அவருடைய கணினி பற்றிய ஆர்சனலின் அறிக்கை 2022 டிசம்பரில் வந்தது. 2014 ஒக்டோபரிலிருந்து ஒரு வெளியாள் அதுக்குள் இருந்திருக்கிறார்; 50க்கு மேற்பட்ட கோப்புகளை வைத்திருக்கிறார்; 2019 ஜூன் 12 இல் பொலிஸ் வருவதற்கு முதல் நாள் இரவு தன் தடயங்களை அழிக்கத் தொடங்கியிருக்கிறார் என்றது அது. அந்த அறிக்கையை வாசிக்க அவர் இல்லை.

இதில் எனக்குப் பிடிபட்ட பாடம் அரசுகள் கொடியவை என்பது மட்டும் இல்லை, அது எங்களுக்கு முன்னமே தெரியும். ரோனா வில்சனிடம் போகிற வழி அவருடைய சிநேகிதரின் கணக்கு வழியாக இருந்தது. நீங்கள் பெரிய ஆளாக இருக்கத் தேவையில்லை. பெரிய ஆள் ஒருவர் உங்களை நம்பினால் போதும்.

"அது இந்தியா, இது ஐரோப்பா" என்று சொல்ல வேண்டாம். 2025 ஜனவரி 31 இல் வாட்ஸ்அப், ஏறத்தாழ 90 பேரின் போன்களைப் பாராகொன் என்ற நிறுவனத்தின் உளவு மென்பொருள் குறிவைத்ததாக அறிவித்தது. அதில் ஒருவர் லூக்கா கசரீனி, மத்தியதரைக் கடலில் ஆக்களை மீட்கிற மெதித்தெரானெயா அமைப்பை நிறுவினவர்களில் ஒருவர். அவர் மேல் அதைப் பாவித்தது இத்தாலிய உளவுத்துறைதான் என்பதை அதே வருடம் ஜூனில் நாடாளுமன்றக் குழுவின் அறிக்கையே உறுதி செய்தது. சட்டப்படி அனுமதி எடுத்துத்தான் செய்தார்களாம்.

ஒவ்வொரு கள்ளனுக்கும் ஒவ்வொரு பூட்டு

பயந்து நடுங்குவதில் பிரயோசனம் இல்லை. ஆபத்து மூன்று விதம், மூன்றுக்கும் பூட்டு வேறு.

முதலாவது, பெட்டியே கையை விட்டுப் போவது. எங்களுக்கு அதிகம் நடக்கக்கூடியது இதுதான். சென்ட்ராலேயில் இரவு ரயில் ஏறி வடக்கே படிக்கப் போகிறோம். மெஸ்ஸினாவில் ரயில் கப்பலில் ஏறுகிற நேரம் நாங்கள் நித்திரை, பை மேல் தட்டில். இதற்கான பூட்டு வட்டு மறையாக்கம். அது இல்லாவிட்டால் உங்கட பாஸ்வேர்ட் வெறும் திரைச்சீலை. வட்டைக் கழற்றி இன்னொரு கணினியில் போட்டால் எல்லாம் வாசிக்கலாம். விண்டோஸில் "கிரிப்தொகிராஃபியா திஸ்பொசித்தீவோ" ஓனாக இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள், இருக்கும் என்று நம்ப வேண்டாம். மக்கில் ஃபைல்வோல்ட். லினக்ஸ் மின்ட், உபுண்டு என்றால் நிறுவுகிற நேரமே அந்தத் தெரிவைப் போட வேண்டும், பிறகு போடுவது பெரிய கரைச்சல். முதல் நாள், முதல் நாள் என்று நான் கத்துவது இதனால்தான். மீட்புச் சாவியைக் கடதாசியில் எழுதி வீட்டில் வையுங்கள். விண்டோஸ் அதன் பிரதியொன்றை உங்கட மைக்ரோசொஃப்ட் கணக்கிலும் வைக்கும். சட்டப்படி கேட்டால் அந்த நிறுவனம் கொடுக்கக்கூடிய இடத்தில் இருக்கிறது என்பது நினைவில் இருக்கட்டும். ரயிலிலும் ஊர்வலத்திலும் எல்லையிலும் மூடியை மட்டும் மூடாமல் முழுசாக நிற்பாட்டுங்கள். நித்திரையில் இருக்கிற கணினியின் சாவி அதன் நினைவகத்திலேயே கிடக்கும்.

இரண்டாவது, கதவைத் தட்டிக்கொண்டு வருவது. ரோனா வில்சனுக்கு வந்தது மாதிரி. மறையாக்கம் இதற்கு உதவாது, ஏனென்றால் கதவைத் திறந்தது நீங்கள். எதிர்பாராத இணைப்பு வந்தால், அனுப்பினவர் ஆராக இருந்தாலும், ஒரு கோல் எடுத்து "நீங்கள்தான் அனுப்பினீங்களா?" என்று கேளுங்கள். மரியாதைக் குறைவு என்று யாரும் நினைக்காத ஒரு பழக்கமாக எங்களுக்குள் இது வர வேண்டும். அன்றாட வேலைக்கு நிர்வாகி உரிமை இல்லாத ஒரு கணக்கை வைத்திருங்கள். அப்டேட் கேட்டால் அன்றைக்கே விடுங்கள். வீட்டில் ஒரே லப்டொப் என்றால் அம்மாவுக்கும் தம்பிக்கும் தனித்தனிக் கணக்கு. தம்பி இறக்குகிற கிராக் விளையாட்டும் குடும்பத்தின் பெர்மெஸ்ஸோக்களும் ஒரே அறையில் இருக்கக் கூடாது.

பாவிச்ச லப்டொப் என்றால் கடையில் போட்டுத் தந்ததை முழுக்க அழித்து, தயாரித்தவர்களின் தளத்திலிருந்து இறக்கிப் புதிதாக நிறுவுங்கள். விண்டோஸ் 10 இன் வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. 11 ஏறாத பழைய கணினிக்கு லினக்ஸ் நல்ல வழி. "அது எஞ்சினியர்மாருக்கு" என்பவர்களுக்கு: 2011 இல் தமிழ்நாடு அரசு மாணவருக்கு இலவச லப்டொப் கொடுக்கத் தொடங்கியபோது விண்டோஸோடு பொஸ் லினக்ஸும் அதில் இருந்தது. தமிழ் தட்டச்சுக்குக் கண்ட இடத்தில் கிடக்கிற மென்பொருளை இறக்கவும் தேவையில்லை. தமிழ்99 விசைப்பலகை விண்டோஸிலேயே இருக்கிறது. விசைப்பலகை மென்பொருள் நீங்கள் தட்டுகிற ஒவ்வொரு எழுத்தையும் பார்க்கிற இடத்தில் இருப்பது.

பாஸ்வேர்டுக்கு, தொடர்பில்லாத ஐந்தாறு சொற்கள். எங்களுக்கு இங்கே ஒரு வசதி இருக்கிறது: தமிழும் இத்தாலியனும் சிசிலியனும் கலந்து போடலாம். இத்தாலியன் விசைப்பலகையில் குறியீடு தேடி அலையாமல் வெறும் ரோமன் எழுத்தில். பாட்டு வரி, பிறந்த ஊர், மாவீரர் பெயர் வேண்டாம். மற்றவற்றை எல்லாம் பிட்வார்டன் அல்லது கீபாஸ்எக்ஸ்சியில் விடுங்கள். மின்னஞ்சலுக்கு இரண்டாம் பூட்டு கட்டாயம், எஸ்எம்எஸ்ஸை விடச் செயலி நல்லது.

மூன்றாவது, கசரீனிக்கு வந்தது. நீங்கள் எதையும் அமத்தாமலே உள்ளே வருவது. உண்மையைச் சொன்னால், எங்களிடம் இதற்குப் பூட்டு இல்லை. இருக்கிற ஒரே காப்பு, எடுப்பதற்கு உள்ளே குறைவாக இருப்பது. வேலை முடிந்த பட்டியலை அழியுங்கள். மாமியின் கடவுச்சீட்டு விண்ணப்பத்தோடு போய்விட்டதென்றால் படத்தையும் அழியுங்கள். வைத்திருக்க வேண்டியதை வெராகிரிப்டில் பூட்டின ஒரு வெளி வட்டில் போட்டு, வட்டை லாச்சியில் வையுங்கள். 

தெரிஞ்ச அண்ணா பிரச்சினை

இன்னொரு விஷயம், கொஞ்சம் கசக்கும். எங்கட அமைப்புகளில் "கொம்பியூட்டர் தெரிஞ்ச" ஒரு அண்ணா இருப்பார். மின்னஞ்சல், பக்கம், பட்டியல், எல்லாத்தின் பாஸ்வேர்டும் அவரிடம். நல்லவராக இருக்கலாம். ஆனால் பிளவு வருகிற நாளில் அமைப்பு அவரோடு போகும். வராவிட்டாலும், அவரிடம் கேட்காமல் ஒரு அறிக்கை கூட வெளியே போகாது. தேநீர் போடுவது அக்காமார், சாவி வைத்திருப்பது அண்ணாமார் என்ற பழைய ஒழுங்கு இப்போது கிளவுட்டில் நடக்கிறது. பாதுகாப்பை ஒரு நிபுணரிடம் விடுவதும் பாதுகாப்பின்மைதான். ஒவ்வொரு கணக்குக்கும் சாவி குறைந்தது இரண்டு பேரிடம், அதில் ஒருவர் பெண், வருடா வருடம் கை மாறவேண்டும். இதை யாப்பில் எழுத வேண்டும்.

"இப்படியே போனால் நாங்கள் ஒருவரையொருவர் சந்தேகப்படத் தொடங்கிவிடுவோம்" என்று ஒரு தோழர் சொன்னார். அந்தப் பயம் நியாயமானது. எங்கட பெற்றோரின் தலைமுறை சந்தேகத்தில் எவ்வளவு பேரை இழந்தது என்று எங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் சந்தேகம் வளர்வது இரகசியமாகச் சிலர் மட்டும் அறிந்திருக்கும் இடத்தில். எல்லாருக்கும் ஒரே விதி, எல்லாரும் சேர்ந்து படிக்கிறோம் என்றால் "நீங்கள்தான் அனுப்பினீங்களா?" என்ற கேள்வியில் குற்றச்சாட்டு இருக்காது.

ஆகவே என்ர முன்மொழிவு இது. வருடத்தில் ஒரு சனிக்கிழமை, சென்ட்ராலேக்கு நடந்து வரக்கூடிய ஒரு இடத்தில், புது லப்டொப் வாங்கின எல்லாரும் கூடுவோம். ஒரு லப்டொப்புக்கு இரண்டு பேர்: ஒருவர் போன வருடம் செய்தவர், மற்றவர் முதல் தரம் செய்பவர். விசையை அமத்துவது எப்போதும் முதல் தரம் செய்பவர்தான். பின்னேரம் அம்மா அப்பாமாரையும் கூப்பிடுவோம், தங்கட ஸ்பிட்டைத் தாங்களே திறக்கப் பழகட்டும்.

எந்தச் சனிக்கிழமை வசதி என்று இந்த மின்னஞ்சலுக்குப் பதில் போடுங்கள். வரும்போது லப்டொப், சார்ஜர், வெறும் யூஎஸ்பி ஒன்று, சாவி எழுத ஒரு கடதாசி கொண்டு வாருங்கள்.