கலியாண வீடியோவுக்கு எது முக்கியம்?

கலியாணம் நிச்சயமாகிவிட்டது. மண்டபம் பிடித்தாகிவிட்டது. பிரியாணிக்கு மாஸ்டரிடம் சொல்லியாகிவிட்டது. அடுத்தது வீடியோ.

"சாதாரண வீடியோவா, 4 கே வீடியோவா?" என்று வீடியோக்காரர் கேட்கிறார். 4 கே என்றால் பணம் கூடுதல். "ஒரே பெண். நல்லதையே போடுவோம்" என்று பெண்ணின் தகப்பனார் சொல்லிவிடுகிறார்.

வேலூரிலிருந்து ஆம்பூர் போகும் சாலையில், பள்ளிகொண்டாவைத் தாண்டினால் மாதனூர். பாலாற்றங்கரை ஊர். தோல் பதனிட்டும் பூட்ஸ் தைத்தும் பிழைக்கும் குடும்பங்கள் இந்த வட்டாரத்தில் ஏராளம். சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில்தான் இங்கே கலியாணம் நடக்கிறது. அந்தப் பணம் வீணாகக் கூடாது. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

4 கே என்றால் என்ன?

வீடியோப் படம் சின்னஞ்சிறு புள்ளிகளால் ஆனது. புள்ளியைப் "பிக்சல்" என்கிறார்கள்.

"புல் எச்.டி." படத்தில் அகலவாக்கில் 1,920 புள்ளிகள். உயரவாக்கில் 1,080 புள்ளிகள். மொத்தம் சுமார் 20 லட்சம். 4 கே படத்தில் 3,840க்கு 2,160. மொத்தம் சுமார் 83 லட்சம். நாலு மடங்கு!

நாலு மடங்கு புள்ளி இருந்தால் படம் நாலு மடங்கு நன்றாக இருக்குமா? இருக்காது.

43 அங்குல டெலிவிஷனில் புல் எச்.டி. படத்தின் ஒரு புள்ளி அரை மில்லி மீட்டர் அகலம்தான். எட்டு அடி தள்ளி உட்கார்ந்தால், நல்ல கண்ணுக்கும் அது தனியாகத் தெரியாது. தெரியாத புள்ளியை மேலும் நாலாக உடைத்து என்ன பயன்? செல்போனில் பார்த்தால் வித்தியாசம் இன்னும் குறைவு.

ஆஸ்கார் வாங்கிய படம்

"ஸ்லம்டாக் மில்லியனர்" 2008ல் வந்தது. ஏ.ஆர். ரகுமானுக்கு இரண்டு ஆஸ்கார் பரிசுகளை வாங்கிக் கொடுத்த படம். மும்பையின் குறுகிய சந்துகளில் பெரிய கேமிராவைத் தூக்கிக்கொண்டு ஓட முடியுமா? அதனால் பல காட்சிகளைச் சிறிய டிஜிட்டல் கேமிராவில் எடுத்தார்கள். அது வெறும் 2 கே கேமிரா. ஆனாலும் 2009ல் ஒளிப்பதிவுக்கான ஆஸ்கார் பரிசு அந்தப் படத்துக்கே கிடைத்தது.

ஒலிக்கும் ஆஸ்கார் கிடைத்தது. கேரளத்தைச் சேர்ந்த ரசூல் பூக்குட்டி அதைப் பெற்றவர்களில் ஒருவர்.

ஒரு துணி செய்த வேலை

சத்யஜித் ரேயின் "அபராஜிதோ" 1956ல் வெளிவந்தது. கதையில் ஒரு காசி வீடு வருகிறது. அந்த வீட்டைக் கல்கத்தாவில் ஸ்டூடியோவுக்குள் செட்டாகப் போட்டார்கள். திறந்த முற்றத்தில் மேலிருந்து இறங்கும் பகல் வெளிச்சம், ஸ்டூடியோவுக்குள் எப்படி வரும்?

ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா ஒரு யோசனை செய்தார். மேலே வெள்ளைத் துணியை விரித்துக் கட்டினார். விளக்கை நடிகர்கள் முகத்தில் அடிக்காமல் துணியில் அடித்தார். துணியில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் நிஜப் பகல் போலவே இருந்தது. அந்த வேலையைச் செய்தது கேமிரா அல்ல. துணி!

குரல் எங்கே?

தாலி கட்டும்போது கெட்டிமேளம். நிக்காஹ்வில் சம்மதம் சொல்லும் குரல். சர்ச்சில் மணமக்கள் கொடுக்கும் வாக்கு. இவை தெளிவாகக் கேட்க வேண்டாமா?

கேமிராவோடு சேர்ந்த மைக் மேடையிலிருந்து தள்ளி இருக்கிறது. பக்கத்தில் ஓடும் மின்விசிறியின் இரைச்சலைத்தான் அது முதலில் பிடிக்கும். சட்டையில் மாட்டும் சிறிய மைக் இருந்தால் பேச்சு காப்பாற்றப்படும்.

பாட்டி, பேத்தியை வாழ்த்துகிறாள். பத்து வருஷம் கழித்துப் பாட்டி இருக்கமாட்டாள். அப்போது அந்தக் குடும்பம் தேடுவது அவள் குரலைத்தான். யாரும் புள்ளியை எண்ணமாட்டார்கள்.

நிறம் மாறினால் நஷ்டம்

பூட்ஸ் வியாபாரத்துக்கும் இப்போது வீடியோ தேவைப்படுகிறது. மஞ்சள் விளக்கும் டியூப் லைட்டும் கலந்த இடத்தில் படம் எடுத்தால், பழுப்புத் தோல் வேறு நிறமாகத் தெரியும். அதை நம்பி ஒருவர் ஆர்டர் கொடுத்தால் சரக்கு திரும்பி வரும். வெளிச்சம் தப்பானால், 83 லட்சம் புள்ளிகளும் தப்பான நிறத்தையே காட்டும்.

4 கே வேண்டாமா?

வேண்டாம் என்று சொல்லவில்லை. எடுத்த படத்தில் ஒரு பகுதியை மட்டும் வெட்டிப் பெரிதாக்க அது உதவும். தோலின் நுணுக்கமான வரிகளைப் பெரிய திரையில் காட்டவும் உதவும். ஆனால் அது கடைசிப் படி. முதல் படி அல்ல.

தடித்த தோல் இருந்தால் மட்டும் நல்ல பூட்ஸ் ஆகிவிடுமா? பதமாகப் பதனிட வேண்டும். அளவாக வெட்ட வேண்டும். ஒழுங்காகத் தைக்க வேண்டும். இது மாதனூர்க்காரர்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வீடியோத் தொழிலுக்கு வரும் இளைஞர்களே! கடன் வாங்கிப் பெரிய கேமிரா வாங்க அவசரப்படாதீர்கள். முதலில் நல்ல விளக்கு, மைக், ஆடாத ஸ்டாண்டு வாங்குங்கள். அடுத்து நல்ல லென்ஸ். கேமிராவை மாற்றுவது பிறகு. 4 கே எடுத்தால் அதைச் சேமிக்க ஹார்ட் டிஸ்க்கும் அதிகம் வேண்டும். வேகமான கம்ப்யூட்டரும் வேண்டும். அந்தச் செலவையும் கணக்கில் சேருங்கள்.

பெற்றோர்களே! வீடியோக்காரரிடம் நாலு கேள்வி கேளுங்கள்.

எத்தனை விளக்கு கொண்டுவருவீர்கள்? பேச்சுக்குத் தனி மைக் உண்டா? வெளிச்சம் குறைந்த மண்டபத்தில் நீங்கள் எடுத்த பழைய வீடியோவைக் காட்டுவீர்களா? எடுத்த படத்தை இரண்டு பிரதி வைப்பீர்களா?

நாலுக்கும் நல்ல பதில் வந்தால் முன்பணம் கொடுங்கள். 4 கே பற்றிய பேச்சை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.