நடுங்காத கருவியும் நடுங்காத நாவும்

விளையாட்டுப் பொருளைப் பற்றி எழுத இந்த வயதில் எனக்கென்ன வந்தது என்று நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். நான் எழுத முனைவது விளையாட்டைப் பற்றியன்று; விளையாட்டாகவே அச்சேறிய ஒரு சாட்டுப்போக்கைப் பற்றியே.

வீடியோ விளையாட்டில் கொன்ரோலர் எனப்படும் கைக்கருவி அதிர்வதன் சூத்திரம் மிக எளிது. சிறிய மோட்டாரின் அச்சில், ஒருபக்கம் பாரம் கூடிய உலோகத்துண்டு பொருத்தப்பட்டிருக்கும். அது சுழல, சமநிலை குலைந்து கருவி நடுங்கும். 1997 இல் நிண்டெண்டோ இதனை ‘ரம்பிள் பாக்’ என்ற துணைக்கருவியாகக் கொணர்ந்தது. அதே ஆண்டில் சொனி, இரு மோட்டார்கள் கொண்ட ‘டுவல்ஷொக்’ கருவியை வெளியிட்டது. திரையில் வெடித்த குண்டு உள்ளங்கையில் உணரப்பட்டது. செவிப்புலன் குறைந்தோருக்கு இது வெறும் அலங்காரமன்று. ஒலி தரும் எச்சரிக்கையைக் கைவழியே பெறும் மார்க்கம்.

2002 இல் கலிபோர்னியாவின் இமேர்ஷன் நிறுவனம், தனது காப்புரிமைகள் மீறப்பட்டதாக சொனி மீதும் மைக்ரோசொஃப்ற் மீதும் வழக்குத் தொடுத்தது. மைக்ரோசொஃப்ற் 2003 இல் பணம் கொடுத்து இணக்கம் கண்டது. சொனி மல்லுக்கு நின்றது. 2004 இல் ஜூரிகள் 82 மில்லியன் டொலர் நட்டஈடு விதித்தனர். சொனி மேன்முறையீடு செய்தது.

அந்த இழுபறி தொடர்கையில், 2006 மே மாதம், பிளேஸ்ரேஷன் 3 இன் கைக்கருவி அதிராது என சொனி அறிவித்தது. சொல்லப்பட்ட காரணம் வழக்கன்று. அசைவை அறியும் புதிய உணரிகளுக்கு அதிர்வு இடையூறாகுமாம்!

அவ்வாண்டு நவம்பரிலேயே நிண்டெண்டோவின் ‘வீ’ சந்தைக்கு வந்தது. அதன் கைக்கருவி அசைவையும் உணர்ந்தது, அதிரவும் செய்தது. அதன் பின்னரும், 2007 தொடக்கத்தில், அதிர்வு கடந்த தலைமுறைக்குரியது என்றார் சொனியின் உயரதிகாரி பில் ஹரிசன். மார்ச்சில் இமேர்ஷனுடன் சமரசம் ஏற்பட்டது. செப்டெம்பரில் டோக்கியோ கண்காட்சியில் ‘டுவல்ஷொக் 3’ அறிவிக்கப்பட்டது. அசைவுணர்வும் உண்டு, அதிர்வும் உண்டு. வழக்குத் தீர்ந்ததும் பௌதிக விதி மாறிவிட்டதா?

பொறியியல் சிரமம் இருந்திருக்கலாம். சிரமம் வேறு, இயலாமை வேறு. நடுங்கும் மோட்டாருக்குத் தனியுரிமை கோருவது நியாயமா என்று கேட்போரும் உளர். நல்ல கேள்விதான். அதையே சொனி பகிரங்கமாகக் கேட்டிருந்தால் நானும் அதன் பக்கம் நின்றிருப்பேன். வழக்கில் சிக்கியதைச் சொல்ல நாணி, இழப்பையே முன்னேற்றம் என்று வாடிக்கையாளருக்கு விற்க முயன்றதாகவே நான் கருதுகிறேன்.

ஆயினும் சொனியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நேர்மையாகாது. அந்நாளில் எங்கள் செய்தி மேசைக்கு வந்த இத்தகவலை மொழிபெயர்த்து உள்பக்கத்தில் இட்டவன் நானே. இடம் போதவில்லையென்று ‘என நிறுவனம் தெரிவித்தது’ என்ற வாலை வெட்டினேன். வழக்கைப் பற்றி ஒரு வரி சேர்க்கத் தோன்றவில்லை. ஒரு கொம்பனியின் கூற்று, என் கத்தரிக்கோலால் உண்மையாயிற்று.

விளையாட்டுச் சாமான்தானே என்ற அலட்சியம். எங்கள் மேசைகளுக்கு அமைச்சுகளிலிருந்தும் படைத்தரப்பிலிருந்தும் வந்த அறிக்கைகளும் அதே நடையில்தான் எழுதப்பட்டிருந்தன. சிறிய செய்தியில் ‘ஏன்’ என்று கேட்கப் பழகாதவன், பெரிய செய்தியில் திடீரெனக் கேட்டுவிடுவானா?