நாற்பது நாள் ஓய்வு யாருக்கு?

பிள்ளை பெற்றவள் நாற்பது நாள் வீட்டோடு இருக்க வேண்டும் என்று சொல்லாத ஊர் தமிழ்நாட்டில் இல்லை. பச்சை உடம்பு, பாரம் தூக்காதே, காற்றில் நிற்காதே என்று பாட்டிமார் சொல்வார்கள். அந்த அறிவில் பெரும்பகுதி சரிதான். ஆனால் அந்த நாற்பது நாளும் அடுப்பு எரிய வேண்டுமே, அதற்குக் காசு யார் தருவது? நிலமோ மாதச் சம்பளமோ உள்ள வீட்டில் இந்தக் கேள்வி எழுவதில்லை. களையெடுத்தும் நாற்று நட்டும் அன்றாடக் கூலி வாங்கும் சேரிப் பெண்ணுக்கு இதுதான் முதல் கேள்வி. ஆகவே பேறுகால ஓய்வை வெறும் உடல்நலக் குறிப்பாகப் பேசினால் போதாது, கூலி உரிமையாகவும் சாதி எதிர்ப்பின் பகுதியாகவும் பேச வேண்டும் என்கிறோம்.

முதலில் உடலைப் பார்ப்போம். பிரசவம் முடிந்த கையோடு கருப்பை ஏறத்தாழ ஒரு கிலோ எடை இருக்கும். அது சுருங்கிப் பழைய அளவுக்கு வர ஆறு வாரம் பிடிக்கும். நஞ்சுக்கொடி பிரிந்த இடம் அதுவரை உள்ளே புண்ணாகவே இருக்கிறது. இடுப்புக்குக் கீழே உறுப்புகளைத் தாங்கும் தசைகள் தளர்ந்திருக்கும். இந்த நிலையில் தலையில் செங்கல் சுமப்பதும், குடம் குடமாகத் தண்ணீர் தூக்குவதும் பிற்காலத்தில் கர்ப்பப்பை இறங்குவதற்கு வழி செய்கின்றன. வெளியே சொல்லக் கூச்சப்பட்டு ஆண்டுக்கணக்கில் அந்த வேதனையோடு வயலுக்குப் போகும் பெண்கள் நம் தெருக்களில் இருக்கிறார்கள்.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. இது பெருமைக்குரிய சாதனை. அதே ஆய்வு, 44.9 விழுக்காடு பிரசவங்கள் அறுவை மூலம் நடந்ததாகவும், 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருப்பதாகவும் சொல்கிறது. அதாவது, ஏறக்குறைய பாதித் தாய்மார்கள் வயிற்றில் தையலோடு வீடு திரும்புகிறார்கள். குழந்தையைவிட எடை கூடிய எதையும் தூக்காதே என்று சொல்லித்தான் மருத்துவமனை அனுப்புகிறது. தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்க வேண்டிய, கழிப்பறை இல்லாமல் இருட்டில் காட்டுப் பக்கம் ஒதுங்க வேண்டிய பெண் அந்த அறிவுரையை எப்படிக் காப்பாற்றுவாள்? அவள் உடலைக் கவனிக்கத் தெரியாதவள் என்று எழுதுவது அநியாயம்.

பேறுகாலக் கவனிப்பு எப்போதுமே சாதியோடு பின்னிக் கிடந்தது. பிள்ளைப்பேற்றைத் தீட்டு என்று வைத்தார்கள். பேறு பார்க்கும் வேலையை நாவிதர் சமூகத்து மருத்துவச்சியிடம் விட்டார்கள். இரத்தத் துணியை வெளுக்கும் வேலையை வண்ணார்மீது சுமத்தினார்கள். தலித் வீடுகளின் துணியை வெளுக்கும் வேலை புதிரை வண்ணார் தலையில் விழுந்தது. மற்றவர்களின் பேறுகாலத்துக்காக உழைத்த அந்தப் பெண்களின் பேறுகாலத்தைப் பற்றி எந்தச் சாத்திரமும் கவலைப்படவில்லை. இன்று மருத்துவமனைப் பிரசவ வார்டைக் கழுவித் துடைக்கும் ஒப்பந்தப் பெண் தொழிலாளர்கள் எந்தத் தெருக்களிலிருந்து வருகிறார்கள் என்று விசாரித்துப் பாருங்கள், தொடர்ச்சி புரியும்.

இதை உரிமைப் பிரச்சினையாகச் சட்டமன்றத்தில் பேசியவர்களில் ஒருவர் அண்ணல் அம்பேத்கர். 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு உதவி மசோதாவை ஆதரித்துப் பேசினார். பேற்றுக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலனுக்கே தேவை, அதன் செலவில் பெரும்பங்கை அரசு ஏற்க வேண்டும், பெண்ணின் உழைப்பால் லாபம் அடையும் முதலாளிக்கும் அதில் பொறுப்பு உண்டு என்பது அவர் வாதம். 1929இல் அது சட்டமானது. ஆனால் அது ஆலைத் தொழிலாளிக்கான சட்டம்.

அங்கிருந்து எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம்? 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் வந்தது. 2017 திருத்தத்தில் சம்பளத்துடன் கூடிய விடுப்பு 26 வாரமானது. தமிழக அரசு ஊழியருக்கு 2021 முதல் 12 மாதம். இவை போராடிப் பெற்றவை, நாம் குறை சொல்லவில்லை. ஆனால் கடைகளும் நிறுவனங்களும் பத்துப் பேராவது வேலை செய்யும் இடமாக இருந்தால்தான் அந்த 26 வாரம் செல்லும். 2020இன் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் இந்த எல்லை விரியவில்லை. வயல் கூலிக்கும் வீட்டுவேலை செய்யும் பெண்ணுக்கும் சம்பளத்துடன் ஒரு நாள் விடுப்புகூட இல்லை.

அவர்களுக்கு இருப்பது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி. மொத்தம் 18,000 ரூபாய். அதில் 4,000 ஊட்டச்சத்துப் பெட்டகமாக வருகிறது, 14,000 பணம். அதை 26 வாரத்துக்கு, அதாவது 182 நாளுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 77 ரூபாய் வருகிறது. அதுவும் முதல் இரண்டு பேறுக்கு மட்டும். மூன்றாவது பிள்ளை பெற்றவளுக்கு இரத்தம் போகாதா, கூலி நிற்காதா? செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் பதிவும் பரிசோதனையும் ஓர் இடத்தில் நிலைக்காமல் தவணைகளைத் தவறவிடுவதையும் களத்தில் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

ஆனாலும், இருக்கும் உரிமையைக் கைவிடாமல் வாங்க வேண்டும். கர்ப்பம் தெரிந்ததும் கிராம சுகாதார செவிலியரிடம் பதிந்து பிக்மி எண் வாங்குவது முதல் படி. அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியத்தில் உறுப்பினராக இருந்தால் அங்கும் மகப்பேறு உதவி உண்டு. தூய்மைப் பணியில் இருப்பவர்களுக்கு ஒரு செய்தி: தில்லி மாநகராட்சியில் மஸ்டர் ரோல் தினக்கூலிகளாக இருந்த பெண்களுக்கும் மகப்பேறு சட்டம் பொருந்தும் என்று 2000ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும். தினக்கூலிக்கு விடுப்பு கிடையாது என்று மேஸ்திரி சொன்னால் இந்தத் தீர்ப்பை எடுத்து வையுங்கள்.

வீட்டுக்குள் செய்ய வேண்டியதும் இருக்கிறது. பத்தியம் என்ற பெயரில் தண்ணீரைக் குறைப்பதும், கீரையையும் பழத்தையும் ஒதுக்குவதும் பால் கொடுக்கும் உடம்பை வாட்டும். தாகத்துக்குத் தண்ணீர் கொடுங்கள். முட்டை, கருவாடு, முருங்கைக்கீரை, நிலக்கடலை, ஈரல் எல்லாம் நல்லவை. நம் தெருவில் மலிவாகக் கிடைக்கும் மாட்டிறைச்சி இரும்புச்சத்து மிகுந்த உணவு, அதைச் சொல்ல யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. பேற்றுக்குப் பிறகு 180 நாள் இரும்புச்சத்து மாத்திரை எடுக்க வேண்டும். டீயோடு சேர்த்து விழுங்கினால் சத்து உடம்பில் சேராது.

சில அறிகுறிகளைத் தெருவில் எல்லோரும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் ஒரு நாப்கின் முழுக்க நனையும் அளவு இரத்தப்போக்கு, காய்ச்சல், துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுதல், தையலில் சீழ், கடுமையான தலைவலியோடு கண் மங்குதல், வலிப்பு, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தல், மூச்சுத் திணறல். இவற்றில் எது வந்தாலும் மறுநாள் பார்க்கலாம் என்று காத்திருக்கக் கூடாது, 108ஐ அழைக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் அழுகையும் பயமும் நீடித்தால் அதைப் பேய் பிடித்ததாக எண்ண வேண்டாம். அதற்கும் சிகிச்சை உண்டு. 14416 என்ற எண்ணில் இலவசமாகப் பேசலாம்.

ஆண் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. மேடையில் சமத்துவம் பேசிவிட்டு, பத்தாம் நாள் மனைவியைத் தண்ணீர் தூக்க விடுவது சமத்துவமாகாது. அந்த ஆறு வாரமும் குடமும் துணியும் சமையலும் உங்கள் வேலை.

மாணவர்களே, உங்கள் ஊரில் பேறுகாலத்தில் இருக்கும் பெண்களின் பட்டியலை எடுங்கள். பிக்மி எண் இருக்கிறதா, தவணை வந்ததா, பேற்றுக்குப் பிறகு செவிலியர் வீட்டுக்கு வந்தாரா என்று கேளுங்கள். வராத தவணைக்கு மனு எழுதிக் கொடுங்கள். கிராம சபையில் சேரிக்குக் குடிநீர்க் குழாயும் கழிப்பறையும் கேட்கும்போது, பிள்ளை பெற்ற பெண்ணின் உடலையும் காரணமாகச் சொல்லுங்கள்.

நம் கோரிக்கை எளிமையானது. பேறு எத்தனையாவது என்று எண்ணாமல், உழைக்கும் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஆறு மாதக் குறைந்தபட்சக் கூலியை அரசு கொடுக்க வேண்டும். அரசு ஊழியரின் உடல் ஆறுவதற்கு ஓராண்டு தேவை என்று ஒப்புக்கொண்ட அரசு, வயலில் நிற்பவளின் உடல் 77 ரூபாயில் ஆறிவிடும் என்று சொல்ல முடியாது.