குழிக்கும் கணக்கு வேண்டும்

ராசிபுரத்திலிருந்து நாமக்கல் செல்லும் சாலையை விட்டு விலகி, மரவள்ளித் தோட்டங்களுக்கு இடையே செல்லும் வண்டித்தடத்தில் அண்மையில் ஒருநாள் காலை நடந்தேன். கிழக்கே கொல்லிமலை தெரிந்தது. தடம் முடியும் இடத்தில் என் இளமைக் காலத்தில் ஒரு சிறு கரடு இருந்தது. இன்று அங்கே பெரும் பள்ளமும் அதன் அடியில் பச்சை நிறத் தண்ணீரும்தான் இருக்கின்றன. கல்குவாரியில் வேலை நின்று பல ஆண்டுகள் ஆகிவிட்டன. சுற்றிலும் வேலி இல்லை.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர், "பக்கத்துல போகாதீங்க சார். ஆடு விழுந்தாக்கூட எடுக்க முடியாதுங்க. லீவு விட்டா பசங்க குளிக்க வந்தர்றாங்க, அதுதான் பயமா இருக்குதுங்க" என்றார்.

அந்த அச்சம் மிகையன்று. குவாரிக் குட்டையில் மூழ்கிச் சிறுவர்கள் இறந்த செய்தியைக் கோடைதோறும் படிக்கிறோம். ஏரியில் ஆழம் சிறிது சிறிதாகக் கூடும். செங்குத்தாக வெட்டிய பாறையிலோ முதல் அடியிலேயே ஆழம்தான். ஏறிவரப் பிடிமானமும் இராது.

இக்கல்லால் பயனடைந்தவர்கள் பலர். குத்தகைதாரருக்கு லாபம், அரசுக்கு உரிமைத்தொகை, நமக்குச் சாலையும் வீடும் கிடைத்தன. ஆனால், நாம் ஜல்லிக்குக் கொடுத்த விலையில் இப்பள்ளத்தைச் சீரமைக்கும் செலவு சேரவில்லை. அதை இந்த ஊர் சுமக்கிறது. தீர்ந்துபோகும் வளத்தின் வருவாயை நிலைத்த மூலதனமாக மாற்றினால்தான் அடுத்த தலைமுறை ஏழையாகாது என்று 1977-இல் எழுதினார் பொருளியல் அறிஞர் ஜான் ஹார்ட்விக். இங்கே வருவாய் வெளியே சென்றது. குழி மட்டும் எஞ்சியது.

சட்டங்கள் இல்லாமல் இல்லை. சிறுகனிமங்களுக்கு விதி வகுக்கும் அதிகாரம் 1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாநில அரசிடம் உள்ளது. 5 ஹெக்டேருக்குக் குறைவான குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி தேவை என்று 2012-இல் தீபக் குமார் வழக்கில் உச்சநீதிமன்றம் கூறியது. சுரங்கத்தால் பாதிக்கப்பட்டோர் நலனுக்காக மாவட்ட கனிம அறக்கட்டளைகளை அமைக்க 2015-ஆம் ஆண்டுத் திருத்தம் வழிவகுத்தது. ஆயினும், குவாரியைத் திறக்கும்போது காட்டும் கவனத்தை மூடும்போது நாம் காட்டுவதில்லை.

குத்தகை வழங்கும்போதே, வெட்டப்படும் அளவுக்கேற்ப வைப்புத்தொகை பெற வேண்டும். வேலியும் சரிவும் அமைத்த பின்னரே அதைத் திருப்பித் தர வேண்டும். பொறுப்பேற்க ஆளில்லாத பழைய குழிகளை ஊராட்சிவாரியாகப் பட்டியலிட்டு, கனிம அறக்கட்டளை நிதியில் முதற்செலவாக அவற்றுக்கு வேலியிட வேண்டும்.

குழிகளைப் பயன்படுத்தவும் வழியுண்டு. 2017-ஆம் ஆண்டு வறட்சியில் சிக்கராயபுரம் கல்குவாரிகளின் தண்ணீர் சுத்திகரிக்கப்பட்டுச் சென்னைக்கு வழங்கப்பட்டது. தலைநகரின் தாகத்துக்குச் செய்ததை, மழை குறைந்த நம் சிற்றூர்களுக்கும் நீரின் தரத்தைச் சோதித்துச் செய்யலாம்.

அதற்குக் காலம் பிடிக்கும். வேலி போட அதிக நாள் ஆகாது. அடுத்த கோடை விடுமுறைக்குள் அதையாவது செய்து முடிக்க வேண்டும்.